மரத்தில் மீன் செய்த மீனவர்

பின்லாந்து நாட்டில் ஓர் ஏழை மீனவர் இருந்தார். அவர் தக்கைத் துண்டைச் செதுக்கி ஒரு பொய் மீன் செய்தார். அந்தப் பொய் மீனைப் பார்த்து நிஜ மீன்கள் ஏமாந்தன. அதனால் அவருடைய பெயர் உலகம் எங்கும் பரவியது.

அவர் பெயர், லாரி ரப்பாலா.

அவருக்கு முன்பும் மரத்தில் மீன் செய்தவர்கள் உண்டு. கண்ணைப் பறிக்கும் அழகான மீன்களைச் செய்தார்கள். லாரி செய்த மீன் அப்படி அல்ல. பார்ப்பதற்கு அது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீரில் விட்டால் உயிர் பெற்றுவிடும்!

அது எப்படி? அதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

ஏரிகளின் நாடு

பின்லாந்து, ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. மிகவும் குளிரான நாடு. அங்கே சிறியதும் பெரியதுமாக 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. குளிர்காலத்தில் அந்த ஏரிகள் உறைந்துவிடும். தண்ணீர் இருந்த இடம் பாறை போல ஆகிவிடும். மனிதர்கள் அதன் மீது நடந்து போவார்கள்.

கோடையிலோ நேர்மாறு. சூரியன் மறைவதற்கு நடு இரவு நெருங்கிவிடும். அந்தச் சில மாதங்களில் உழைத்துச் சேர்த்தால்தான், குளிர்காலத்தில் அடுப்பு எரியும்.

இந்த நாட்டில் சிஸ்மா என்ற ஊரில், 1905-ம் ஆண்டு நவம்பர் மாதம் லாரி பிறந்தார். அவருடைய தாயார் பெயர் மாரி சாரினென். ஏழைப் பெண்மணி. லாரி சிறுவனாக இருந்தபோது, மகனை அழைத்துக்கொண்டு அசிக்கலா என்ற வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்.

பெயர் வந்த கதை

சாரினென் என்ற அம்மாவின் மகனுக்கு ரப்பாலா என்ற பெயர் எப்படி வந்தது? அதற்கு ஒரு வேடிக்கையான கதை சொல்வார்கள்.

அந்த நாட்டில், ஊருக்குப் புதிதாக வருகிறவர்களின் பெயரை மாதா கோவிலில் உள்ள பதிவுப் புத்தகத்தில் பாதிரியார் எழுதி வைப்பார். லாரியின் பெயரை எழுதும்போது, அவருடைய குடும்பப் பெயர் பாதிரியாருக்கு நினைவுக்கு வரவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அது ரப்பாலா என்ற சிறு கிராமம். உடனே பாதிரியார் அந்தக் கிராமத்தின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்.

பின்லாந்து மொழியில் ரப்பா என்றால் சேறு என்று பொருள். சேற்றின் பெயர் ஒட்டிக்கொண்ட அந்தச் சிறுவனின் பெயர்தான், பிற்காலத்தில் உலகம் எங்கும் உள்ள கடைகளில் பெட்டி பெட்டியாக அச்சாகி நின்றது!

வறுமையோடு போராட்டம்

லாரி வளர்ந்து வாலிபர் ஆனார். 1928-ம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் எல்மா. ரீஹிலஹ்தி என்ற கிராமத்தில் குடும்பம் நடத்தினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டில் சாப்பிடும் வாய்கள் கூடிக்கொண்டே போயின.

அது உலகம் முழுவதும் தொழில் மந்தம் ஏற்பட்டிருந்த காலம். வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. குளிர்காலத்தில் லாரி காட்டுக்குப் போய் மரம் வெட்டுவார். பண்ணைகளில் கூலி வேலை செய்வார். பனி உருகியதும் ஏரிக்குப் போய் மீன் பிடிப்பார்.

அந்த ஏரியின் பெயர் பையன்னே. பின்லாந்தில் உள்ள இரண்டாவது பெரிய ஏரி அது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையில் இருந்து வேலூர் வரை உள்ள தூரம்! ஒரு கரையில் நின்று பார்த்தால் கடல் போலத் தோன்றும். ஆழமும் அதிகம்.

லாரியிடம் மோட்டார் படகு இல்லை. துடுப்புப் படகுதான். வலை போடுவார். தூண்டிலும் போடுவார். அவருடைய தூண்டில், நாம் குளத்தங்கரையில் பார்க்கும் ஒற்றைத் தூண்டில் அல்ல. மிக நீளமான ஒரு கயிறு. அதில் வரிசையாக ஆயிரம் முள்கள் வரை தொங்கும். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு பொடிமீனைக் கோர்க்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்! ஆயிரம் முள்களுக்கு ஆயிரம் பொடிமீன். முதலில் அவற்றைப் பிடிக்க வேண்டும். பிறகு குளிரில் விறைத்த விரல்களால் ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். பிறகு படகை வலித்துக்கொண்டு போய்க் கயிற்றை இறக்க வேண்டும். சில நாட்களில் அவர் 30 மைல் தூரம் கூடப் படகு வலித்தார் என்று சொல்வார்கள்.

இவ்வளவு பாடுபட்டும், கிடைத்த பணம் வீட்டுச் செலவுக்குப் பற்றவில்லை. இரை கோர்ப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. அந்த நேரம் மிச்சமானால், இன்னும் கொஞ்சம் மீன் பிடிக்கலாமே என்ற எண்ணம் லாரியின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

கண் திறந்தது

படகில் இருந்தபடி தண்ணீருக்குள் உற்றுப் பார்ப்பது லாரியின் வழக்கம். ஏரித் தண்ணீர் தெளிவானது. உள்ளே நடப்பது தெரியும்.

அங்கே பைக் என்ற ஒரு வகை மீன் உண்டு. நம் கடலில் உள்ள சீலா மீனைப் போல நீண்ட உடலும் கூரிய பற்களும் கொண்டது. மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும். நீர்த்தாவரங்களுக்கு இடையே அசையாமல் ஒளிந்திருக்கும். பொடிமீன் கூட்டம் வந்ததும், அம்பு போலப் பாய்ந்து ஒன்றைக் கவ்விக்கொள்ளும்.

லாரி இதைப் பல தடவை பார்த்தார். அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்.

கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பொடிமீன்கள் இருக்கின்றன. ஆனால் பைக் மீன் கண்டபடி பாய்வது இல்லை. நேராக, ஒழுங்காக நீந்தும் மீன்களை அது விட்டுவிடுகிறது. கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, லேசாகத் தள்ளாடிக்கொண்டு போகும் ஒரு மீனைத்தான் குறி வைக்கிறது!

காரணம் என்ன? தள்ளாடும் மீன், காயம் பட்ட மீன். அல்லது நோய் கண்ட மீன். அதனால் வேகமாக ஓட முடியாது. குறைந்த முயற்சியில் வயிறு நிரம்பும். வேட்டை மீனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்தக் காட்சியை அந்த ஏரியில் எத்தனையோ மீனவர்கள் பார்த்திருப்பார்கள். லாரி அதைப் பார்த்ததோடு நிற்கவில்லை. யோசித்தார். மரத்தில் ஒரு மீன் செய்தால் என்ன? அது காயம் பட்ட மீன் போலத் தள்ளாடினால், ஆயிரம் பொடிமீனைக் கோர்க்க வேண்டாமே! ஒரே பொய் மீனைக் கொண்டு நாள் முழுவதும் மீன் பிடிக்கலாமே!

குப்பையில் இருந்து பிறந்த மீன்

1936-ம் ஆண்டு லாரி வேலையைத் தொடங்கினார்.

அவரிடம் இருந்த கருவிகள் இரண்டே இரண்டு. ஒன்று, செருப்புத் தைப்பவர்கள் தோல் அறுக்கும் கத்தி. மற்றொன்று, உப்புத்தாள். ஒரு தக்கைத் துண்டை எடுத்தார். கத்தியால் மீன் வடிவில் செதுக்கினார். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார்.

மீன் என்றால் செதில் மின்ன வேண்டும் அல்லவா? வெள்ளிப் பூச்சு வாங்கப் பணம் இல்லை. சாக்லெட் சுற்றி வரும் ஈயத்தாளை எடுத்துத் தக்கையின் மேல் ஒட்டினார். மீன் பளபளவென்று மின்னியது.

ஈயத்தாள் தண்ணீரில் உரிந்துவிடாமல் இருக்க, மேலே வார்னிஷ் பூச வேண்டும். வார்னிஷ் வாங்கவும் பணம் இல்லை. பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி, அதையே வார்னிஷாகப் பூசினார்.

வேறொருவர் குப்பையில் எறிந்துவிடும் பொருள்கள்தான் அவை. லாரியின் கையில் அவை மீனாக மாறின.

தள்ளாட்டத்தின் ரகசியம்

வடிவம் வந்துவிட்டது. ஆனால் உயிர் வர வேண்டுமே! மரத்துண்டைக் கயிற்றில் கட்டி இழுத்தால், அது மரத்துண்டு போலத்தான் வரும்.

இதற்கு லாரி கண்ட வழி மிகவும் எளிமையானது. பொய் மீனின் வாய்க்குக் கீழே, சரிவாக ஒரு சிறிய தகடு இருக்கும். கீழ் உதடு பிதுங்கியது போலத் தோன்றும். மீனை இழுக்கும்போது, எதிரே வரும் தண்ணீர் இந்த உதட்டில் மோதும். மோதிய தண்ணீர் மீனைக் கீழே அழுத்தும். அதே சமயம், உதட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழித்துக்கொண்டு போகும். அதனால் மீன் இடமும் வலமும் அசையும்.

உடல் கனமான மரமாக இருந்தால் இந்த அசைவு மந்தமாக இருக்கும். தக்கை போல லேசாக இருந்தால், மெதுவாக இழுத்தாலே துடிக்கும். அதனால்தான் லாரி தக்கையையும் பைன் மரத்தின் பட்டையையும் தேடினார். பிற்காலத்தில் பால்சா என்ற மரத்துக்கு மாறினார். தென் அமெரிக்காவில் வளரும் மரம் அது. மர வகைகளிலேயே மிகவும் லேசானவற்றில் ஒன்று. சிறுவர்கள் விளையாட்டு விமானம் செய்யப் பயன்படுவதும் இதுதான்.

அடி வயிற்றில் தொங்கும் முள்களுக்கும் ஒரு வேலை உண்டு. அவற்றின் எடை கீழே இழுப்பதால், மீன் மல்லாந்துவிடாமல் நிமிர்ந்து நீந்தும்.

வாயில் கயிறு கட்டுவதற்கு ஒரு கம்பி வளையம் இருக்கும். அது மயிரிழை கோணினாலும் போதும், மீன் ஒரு பக்கமாக ஓடும். இடது பக்கம் ஓடினால், வளையத்தைக் குறட்டால் பிடித்து மிக லேசாக வலது பக்கம் வளைக்க வேண்டும். வலது பக்கம் ஓடினால், இடது பக்கம் வளைக்க வேண்டும். மறுபடி தண்ணீரில் இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாகும்வரை இதுதான் வேலை.

நேராக நீந்தவும் கூடாது. ஒரேயடியாகப் புரண்டுவிடவும் கூடாது. பிழைக்குமா, பிழைக்காதா என்று போராடும் மீனைப் போலத் தள்ளாட வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்க லாரி செதுக்கிக்கொண்டே இருந்தார். ஏரியில் இழுத்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் மீண்டும் செதுக்குவார்.

கடைசியில், மரமீன் தள்ளாடியது. நிஜ மீன்கள் பாய்ந்து வந்து கவ்வின!

ஊரே வியந்தது

லாரியின் படகு நிறைய மீன் வரத் தொடங்கியது. ஒரே நாளில் 600 பவுண்டு எடை மீன் பிடித்தார் என்று கூட அந்த வட்டாரத்தில் பேசிக்கொண்டார்களாம். இரை கோர்க்கும் வேலை குறைந்தது. வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

செய்தி பரவியது. மற்ற மீனவர்கள் வந்து தங்களுக்கும் ஒரு மரமீன் வேண்டும் என்று கேட்டார்கள். லாரி செய்து விற்றார். மீனை விற்றுப் பிழைத்தவர், பொய் மீனை விற்றும் சம்பாதித்தார்.

இந்த நேரத்தில் இடி விழுந்தது போல யுத்தம் வந்தது.

1939-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, சோவியத் ரஷ்யாவின் படைகள் பின்லாந்துக்குள் புகுந்தன. கடும் பனியில் 105 நாட்கள் போர் நடந்தது. 1941-ல் மீண்டும் போர் மூண்டு, 1944 வரை நீடித்தது. லாரியும் நாட்டுக்காகப் போர்முனைக்குச் சென்றார். கத்தியும் உப்புத்தாளும் வீட்டில் காத்திருந்தன.

குடும்பத் தொழில்

போர் முடிந்தது. லாரி மீண்டும் செதுக்கத் தொடங்கினார். இப்போது அவர் தனியாக இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். குடும்பமே உட்கார்ந்து வேலை செய்தது. ஒருவர் செதுக்க, ஒருவர் தேய்க்க, ஒருவர் வர்ணம் பூச, வீடே தொழிற்கூடம் ஆயிற்று. கையால் மட்டும் செய்தால் போதாது என்று, மரத்தைக் கடைந்து வடிவம் கொடுக்க இயந்திரங்களும் வந்தன.

இயந்திரம் வந்த பிறகும், ஒரு வேலையை மட்டும் லாரி இயந்திரத்திடம் விடவில்லை. ஒவ்வொரு மரமீனையும் தண்ணீரில் இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாகத் தள்ளாடினால்தான் பெட்டிக்குள் போகும்.

1952-ம் ஆண்டு பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. நம் இந்திய ஹாக்கி வீரர்கள் தங்கப் பதக்கம் வென்ற அதே பந்தயம்தான். பல நாடுகளில் இருந்தும் மக்கள் வந்து குவிந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது சிலர் லாரியின் மரமீனையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்படி அது கடல் கடந்தது.

அமெரிக்காவில் அதிர்ஷ்டம்

அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கும் ஏராளமான ஏரிகள். பின்லாந்தில் இருந்து குடியேறிய மக்களும் அங்கே அதிகம். 1959-ம் ஆண்டு, ரான் வெபர் என்ற வியாபாரி அங்கே இந்த மரமீனைப் பார்த்தார். அது மீன்களை மயக்குவதைக் கண்டு அசந்து போனார். மீன்பிடி சாமான் கடை வைத்திருந்த ரே ஆஸ்ட்ரம் என்பவரோடு சேர்ந்து, பின்லாந்தில் இருந்து மரமீன்களை வரவழைத்து விற்கத் தொடங்கினார்.

வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் 1962-ல் நடந்தது யாரும் கனவிலும் நினைக்காத ஒன்று.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் புகழ் பெற்ற லைப் பத்திரிகையில் லாரியின் மரமீனைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதே இதழின் அட்டையில் இருந்தவர் யார் தெரியுமா? சினிமா நட்சத்திரம் மர்லின் மன்றோ! அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவர் திடீரென்று இறந்திருந்தார். அவரைப் பற்றிப் படிப்பதற்காக மக்கள் போட்டி போட்டுக்கொண்டு அந்த இதழை வாங்கினார்கள். நட்சத்திரத்துக்காக வாங்கியவர்கள், உள்ளே இருந்த மரமீனையும் படித்தார்கள்.

கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்தன. 30 லட்சம் மரமீன்களுக்கு ஆர்டர் வந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு குடும்பம் கிராமத்தில் உட்கார்ந்து செய்கிற பொருளுக்கு 30 லட்சம் ஆர்டர்!

சோதனை

பணம் கொட்டும் நேரம்தான் மனிதனுக்குச் சோதனை நேரம்.

அவ்வளவு ஆர்டரையும் சீக்கிரமாக முடிக்க ஓர் எளிய வழி இருந்தது. தண்ணீரில் இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டால் போதும். அமெரிக்காவில் வாங்குகிறவருக்கு என்ன தெரியப்போகிறது?

லாரியின் குடும்பம் அந்த வழியில் போகவில்லை. வாக்ஸி என்ற ஊரில் புதிய தொழிற்சாலை கட்டினார்கள். ஆட்களைச் சேர்த்தார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். ஒவ்வொரு மரமீனையும் கையால் அந்தத் தொட்டியில் இழுத்துப் பார்த்தார்கள். கோணலாக ஓடியதைச் சரி செய்தார்கள். அதன் பிறகே பெட்டியில் வைத்தார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம்? லாரி ஒரு மீனவர். ஓடாத பொய் மீனை நம்பி ஏரிக்குப் போனால், வெறும் படகோடு திரும்ப வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வெறும் படகோடு வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மறையாத பெயர்

1974-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லாரி ரப்பாலா காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

அவர் தொடங்கிய தொழிலைப் பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள். அது பெரிய கம்பெனியாக வளர்ந்தது. இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகளில் அவர் பெயர் தாங்கிய மரமீன்கள் விற்பனை ஆகின்றன. 1936-ல் தக்கையில் செதுக்கிய அந்த முதல் மீனின் வடிவத்தைப் பின்பற்றிய மரமீன் இன்னமும் விற்கப்படுகிறது.

லாரி பெரிய விஞ்ஞானி அல்ல. ஏரியில் தினமும் நடப்பதைத்தான் அவர் பார்த்தார். கூட்டத்தை விட்டு விலகித் தள்ளாடிய ஒரு சிறு மீனை அவர் மறக்கவில்லை. அந்தத் தள்ளாட்டத்தைத் தக்கையில் கொண்டுவரும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை.

ரீஹிலஹ்தி கிராமத்தில் ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்த்தது, அந்தத் தள்ளாடிய மீன்தான்.